கேமரா ஓடுது... படம் வரலையா? ஸ்விட்ச்சில் இருக்கும் குட்டிப் பொத்தானைப் பாருங்க!

பக்கத்துத் தெருவில் பைக் திருடு போய்விட்டது. போலீஸார் உங்கள் கடை கேமராவின் பதிவைக் கேட்டு வருகிறார்கள். திறந்து பார்த்தால், நான்கு நாள்களாக எதுவுமே பதிவாகவில்லை. கேமராவில் விளக்கு எரிகிறது, கேபிளும் சரியாக இருக்கிறது. பிறகு என்ன ஆச்சு?

இதற்குக் காரணம் விரல் நகம் அளவுள்ள ஒரு தள்ளுபொத்தானாக இருக்கலாம். கேமரா கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டிதான் ஈத்தர்நெட் ஸ்விட்ச். பி.ஓ.இ வகை என்றால், அதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரத்தையும் அனுப்பும். பெரிய அலுவலக ஸ்விட்ச்களின் செட்டிங்ஸை கம்ப்யூட்டரில் லாகின் செய்து மாற்றுவார்கள். கடை, வீடுகளுக்கு வரும் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அதெல்லாம் கிடையாது. அந்தப் பொத்தான்தான் மொத்த செட்டிங்ஸும்!

பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 'டிஃபால்ட்' நிலையில் எல்லா போர்ட்களும் ஒன்றோடொன்று பேசும். 'வி-லேன்' நிலைக்குத் தள்ளினால், கேமரா போர்ட்கள் அப்லிங்க் போர்ட்டோடு மட்டுமே பேசும். ஒரு கேமரா கோளாறு செய்தாலும் மற்றவை தப்பிக்கும் என்பதால் நல்ல வசதிதான். ஆனால், பதிவு செய்யும் என்விஆர் பெட்டியை, இடம் காலியாக இருக்கிறதே என்று கேமரா போர்ட்டில் செருகியிருந்தால் கதை முடிந்தது. கேமராக்கள் உயிரோடு இருக்கும், படம் மட்டும் போய்ச் சேராது.

தூசு தட்டும்போது விரல் பட்டு பொத்தான் நகர்ந்தால்கூட இது நடக்கலாம். சில மாடல்களில் மாற்றம் உடனே தெரியாது. கரன்ட் போய் வந்த பிறகுதான் அமலுக்கு வரும். அதனால்தான் காரணம் பிடிபடாமல் குழம்புகிறார்கள்.

மூன்றாவது 'எக்ஸ்டெண்ட்'. வழக்கமாக ஈத்தர்நெட் கேபிள் 100 மீட்டர் வரைதான் போகும். இந்த நிலையில் 250 மீட்டர் வரை போகும் என்கின்றன கம்பெனிகள். தோட்டத்து கேட், கல்யாண மண்டப பார்க்கிங் போன்ற இடங்களுக்கு உதவும். பதிலுக்கு அந்த போர்ட்டின் வேகம் 10 எம்பிபிஎஸ் ஆகிவிடும். ஒரு கேமராவுக்கு அது பெரும்பாலும் போதும். அதே போர்ட்டில் பில்லிங் கம்ப்யூட்டரைச் செருகிவிட்டு, இன்டர்நெட் ஸ்லோ என்று கம்பெனிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

அந்த 250 மீட்டரும் சுத்தமான செம்புக் கேபிளுக்குத்தான். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவான கேபிள் மின்சாரத்தை வழியிலேயே வீணாக்கும். பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கி கூடுதல் மின்சாரம் கேட்கும்போது அணைந்து அணைந்து எரிந்தால், முதலில் கேபிளைச் சந்தேகப்படலாம்.

எல்லாம் சரியாக ஓடும் நாளிலேயே ஸ்விட்ச்சை, எந்த போர்ட்டில் எந்த கேபிள் என்பது தெரியும்படி, மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால், தூசு தட்டுபவருக்கும் நிம்மதி!