சத்தமில்லாத சாலையைத் தேடி
களமசேரியின் லாரி இரைச்சலிலிருந்து தப்பித்துக் கிழக்கே மலையடிவாரத்துக்குப் போகிறார்கள் சைக்கிள்காரர்கள். அவர்களை மயக்கும் அமைதி அங்கே குடியிருப்பவர்களுக்குப் பெரும் தொல்லை.

சைக்கிள் ஓட்டுவதற்கு இதைவிட மோசமான இடத்தைக் கேரளத்தில் கண்டுபிடிப்பது கடினம். சேலத்திலிருந்து பாலக்காடு, திருச்சூர் வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 544, வல்லார்பாடம் முனையத்திலிருந்து கன்டெய்னர் லாரிகளைச் சுமந்து வரும் 966ஏ, இரும்பனத்திலிருந்து வரும் சீபோர்ட்-ஏர்போர்ட் சாலை ஆகிய மூன்றும் களமசேரியில்தான் வந்து முட்டுகின்றன. பக்கத்து ஏலூரில் உரத் தொழிற்சாலை. தலைக்கு மேல் 2017லிருந்து மெட்ரோ ரயில்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன், ஹெல்மெட்டும் பின்புறம் மினுக்கும் சிவப்பு விளக்குமாகச் சிறு சிறு கும்பல்கள் ஆலுவாவை நோக்கிக் கிளம்புகின்றன. யாரையும் முந்துவது நோக்கமல்ல. 200 கி.மீ. தூரத்தை பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. வழியில் பஞ்சர் ஆனால் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் உதவி வண்டி வரக் கூடாது. இந்த வகை நெடுந்தூர ஓட்டத்துக்கு 'பிரெவே' என்று பெயர். பெயரும் பிரெஞ்சு, விதிகளும் பிரெஞ்சு. ஒரே ஆண்டில் 200, 300, 400, 600 கி.மீ. ஓட்டங்களை முடித்தவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்துக்குத் தகுதி பெறுகிறார்கள். 1891ல் பந்தயமாகத் தொடங்கியது அது. இன்று 1,200 கி.மீ.க்குச் சற்று அதிகமான தூரம்; முழுமையாக எடுத்துக்கொண்டால் 90 மணி நேரம். கடைசியாக 2023ல் நடந்தது. இப்போது இந்தியர்களும் அங்கே போய்ப் பெடல் மிதிக்கிறார்கள்.

போய் வந்தவர்களைத் திகைக்க வைப்பது தூரம் அல்ல, சாலை. பிரெட்டன் பகுதியில் பெரிய மலை ஒன்றும் கிடையாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் குன்றுகள்தான். ஆனால் மொத்தக் கணக்கில் சுமார் 12,000 மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடும். அந்தக் குன்றுகளுக்கிடையே மணிக்கணக்காக ஒரு கார்கூட எதிர்ப்படாத தார்ச் சாலைகள் இருக்கின்றன.

இது ஏதோ பிரெஞ்சுக்காரர்களின் சமர்த்து என்று நினைத்துவிட வேண்டாம். மாவட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் மட்டும் அங்கே சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் கி.மீ. சாலை இருக்கிறது. மூன்று கிராமங்களுக்கு நான்கு பாதைகள். அவசரக்காரர்களைச் சுங்கச் சாலைகள் இழுத்துக்கொண்டுவிட்டன. கிராமத்து இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஆள் போன பிறகும் சாலை நின்றுவிட்டது. மிஷ்லின் நிறுவனத்தின் வரைபடத்தில் இந்தச் சிறு சாலைகள் வெள்ளைக் கோடுகள். செங்குத்தான ஏற்றங்களுக்கு அம்புக்குறிகள் உண்டு, ஏற்றம் கடுமையாகக் கடுமையாக அம்புகளின் எண்ணிக்கை கூடும். சைக்கிள்காரர்கள் அந்த வெள்ளைக் கோடுகளைத்தான் தேடுவார்கள்.

கேரளத்தில் அப்படித் தேட முடியாது. பிரான்ஸில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 120 பேர் என்றால், 2011 கணக்குப்படி கேரளத்தில் 860 பேர். ஒரு ஊர் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் பெயர்ப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். சாலைகளுக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாச் சாலையிலும் வீடு, எல்லா வீட்டிலும் வண்டி. ஆகவே களமசேரிக்காரர்கள் காலியான சாலைக்குப் பதிலாகக் காலியான நேரத்தைத் தேடிக்கொண்டார்கள். அதிகாலை நாலரை மணி அதில் ஒன்று. ஹர்த்தால் நாள் இன்னொன்று. அரசியல் கட்சிகள் கேரளச் சைக்கிள்காரர்களுக்குச் செய்த ஒரே சேவை அது! ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்று 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னபிறகு அந்த வாய்ப்பும் குறைந்துவிட்டது.

ஆலுவாவிலிருந்து பெரும்பாவூர் வழியாக நேராகக் கோதமங்கலம் போனால் பிளைவுட் லாரிகள் துரத்தும். விவரம் தெரிந்தவர்கள் காலடி, மலையாற்றூர், கோடநாடு என்று பெரியாற்றை ஒட்டிப் போகிறார்கள். செம்பாறைக் குன்றுகள், ரப்பர் தோட்டங்கள், அரை கிலோமீட்டர் ஏற்றம், உடனே இறக்கம். பிரெட்டன் குன்றுகளுக்குப் பயிற்சி எடுக்க இது மோசமான இடமல்ல, வெயிலை மட்டும் பொறுத்துக்கொண்டால். பூதத்தான்கெட்டு அணையில் ஒரு டீ. (மலையாளத்துக் 'கெட்டு' நம் 'கட்டு'தான். பூதங்கள் ஒரே இரவில் ஆற்றை அடைக்கப் பார்த்து, சேவல் கூவியதும் பாறைகளைப் போட்டுவிட்டு ஓடியதாகக் கதை.) அதைத் தாண்டினால் தட்டேக்காடு. சாலிம் அலி வியந்து பாராட்டிய காடு. 1983லிருந்து பறவைகள் சரணாலயம். பிறகு குட்டம்புழா, பூயம்குட்டி. மோகன்லாலின் 'புலிமுருகன்' படமாக்கப்பட்ட காடு இந்தப் பக்கம்தான்.

தட்டேக்காட்டுக்குப் பிறகு சாலை உண்மையாகவே அமைதியாகிவிடுகிறது. காரணம் 1924ஆம் ஆண்டு ஜூலை மழை. மலையாள ஆண்டு 1099 என்பதால் இன்றும் அதற்கு 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றே பெயர். அதற்கு முன் ஆலுவாவிலிருந்து மூணாறுக்குப் போகும் சாலை இதுவாகத்தான் இருந்தது: கோதமங்கலம், தட்டேக்காடு, குட்டம்புழா, பூயம்குட்டி, பிண்டிமேடு, மாங்குளம், மூணாறு. மழையில் மலை சரிந்து சாலை போயிற்று. மூணாறின் குட்டி ரயிலும் போயிற்று. நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதுச் சாலை வந்தது. 1935ல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டதும் பழைய வழியை எல்லோரும் மறந்தார்கள். போடி, தேனி, மதுரைக்குப் போகும் இன்றைய தேசிய நெடுஞ்சாலை 85, நேரியமங்கலத்திலிருந்து அந்தப் புதுச் சாலை போன வழியில்தான் மூணாறுக்கு ஏறுகிறது. சுற்றுலா வண்டிகள் எல்லாம் அதில்தான். பூயம்குட்டிக்கு அப்பால் பழைய சாலையைக் காடு எடுத்துக்கொண்டது. வனத்துறை பொதுமக்களை விடுவதில்லை.

சைக்கிள்காரர் அமைதி என்று எதைச் சொல்கிறாரோ அதைக் குட்டம்புழாக்காரர் புறக்கணிப்பு என்கிறார். மணிகண்டன்சாலில் ஆற்றைக் கடக்கும் தரைப்பாலம் ஒவ்வொரு மழைக் காலத்திலும் நீரில் மூழ்குகிறது. அப்போது அக்கரைப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. மூணாறு வரை சாலை திறந்தால் பஸ் வரும், கடை வரும், நிலத்துக்கு விலை வரும் என்பது ஊர்க்காரர்களின் வாதம். பழைய சாலையில் கடும் ஏற்றமே கிடையாது, தூரமும் மிச்சம் என்கிறார்கள். 2025 மார்ச்சில் அந்த வழியே ஊர்வலமும் போனார்கள். வனத்துறை வழக்குப் போட்டது. காட்டின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வண்டி நிற்காமல் ஓடும் சாலை யானைத் தாரையைத் துண்டாக்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் சாலைக்கே சிக்கல்: நேரியமங்கலத்துக்கும் வாளராவுக்கும் இடையே காட்டுப் பகுதியில் நடந்த நெடுஞ்சாலை விரிவாக்கத்தை 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

யானை இங்கே வாதத்துக்கான விஷயம் மட்டுமல்ல. 2024 டிசம்பரில் குட்டம்புழா அருகே உருளன்தண்ணியில், இரவு பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துபோன ஒருவரை யானை கொன்றது. தெருவிளக்கும் அகழியும் கேட்டு ஊரே திரண்டது. சைக்கிளில் வருபவருக்கும் இதில் பாடம் உண்டு. ஜீப்பின் இரைச்சல் யானையை முன்கூட்டியே எச்சரிக்கும். சைக்கிள் சத்தமில்லாமல் வளைவில் திரும்பி யானையின் முன்னால் போய் நிற்கும். இறக்கத்தில் வேகம் வேறு. பொழுது விடிவதற்கு முன்னும் சாய்ந்த பின்னும் இந்தச் சாலையில் கூடாது என்பது உள்ளூர்க்காரர்கள் சொல்லும் முதல் விதி. அதாவது, நாலரை மணிக்குக் கிளம்பும் தந்திரம் தட்டேக்காடு வரைக்கும்தான் செல்லும்.

பூயம்குட்டியில் பஸ் திரும்புகிறது. சைக்கிளும் அங்கேயே திரும்பியாக வேண்டும். மதிய வெயிலில் கோதமங்கலம், பெரும்பாவூர், மறுபடி லாரிகள். கால் ஓய்ந்தவர்கள் ஆலுவாவில் சைக்கிளையும் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறிவிடுகிறார்கள். 2020லிருந்து சைக்கிளுக்கு அங்கே டிக்கெட் கிடையாது.