கணினி மொழிக்கு முழுமை தருவது எது?

"எந்தக் கணினி மொழி ஆற்றல் மிக்கது?" என மாணவர் வினவுகின்றனர். முதலெழுத்து முப்பதே, அவற்றின் வழியே பிறவெழுத்துகளும் எண்ணிறந்த சொற்களும் பிறக்கின்றன. கணினி மொழியும் அத்தகையதே.

1936ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் டூரிங் ஒரு பொறியைக் கற்பனை செய்தார். கட்டங்களிட்ட முடிவிலா நாடா. ஒரு கட்டத்தைப் படித்தல், அதில் எழுதுதல், இடமோ வலமோ நகர்தல். செயல்கள் இவ்வளவே. எனினும், எப்பொறியின் விதிகளை நாடாவில் எழுதிக் கொடுத்தாலும் அதன் பணியைச் செய்யவல்ல பொதுப்பொறி ஒன்று உண்டென அவர் நிறுவினார். அப்பொதுப்பொறியின் செயல் முழுவதையும் எழுதிக்காட்ட இயலும் மொழியே முழுமை பெற்ற மொழி.

அதற்கு மூன்று போதும்: வேண்டுமளவு வளரும் நினைவகம்; 'இவ்வாறாயின் இதைச் செய்' என்னும் நிபந்தனை; நிபந்தனை நிறைவேறும்வரை மீளச் செய்தல். 'நூறு முறை செய்' என முன்னரே எண்ணிட்டு மீளச் செய்வது மட்டும் போதாது. எத்தனை முறை வேண்டுமென முன்னறிய இயலாத தேடலுக்கு அஃது உதவாது.

சொற்பெருக்கம் ஆற்றலன்று. 1993இல் அர்பன் முல்லர் ஆக்கிய மொழியில் கட்டளைகள் எட்டே. அதுவும் முழுமை பெற்றதே. எழுதுவோர்க்கு எளிமை தருவதிலேயே மொழிகள் வேறுபடுகின்றன.

முழுமையோடு ஓர் எல்லையும் உடன் பிறக்கிறது. வரம்பின்றி மீளச் செய்யும் நிரல் என்றேனும் நிற்குமா, நில்லாதா? எல்லா நிரல்களுக்கும் இதற்கு விடை கூறும் பொதுமுறை இல்லை. ஆற்றலையும் எல்லையையும் சேர்த்தே மாணவர்க்குக் கற்பிப்போமாக.