ஒட்டும் அரிசி, ஒட்டாத அரிசி



சாதம் உதிரி உதிரியாக இருந்தால் சமைத்தவருக்குப் பாராட்டு. குழைந்துபோனால் ‘களியாகிவிட்டதே’ என்று முகம் சுளிக்கிறோம். ஜப்பானியரோ வெந்த அரிசியை வேண்டுமென்றே இடித்து, ஒரு பருக்கைகூடத் தனியாகத் தெரியாத உருண்டையாக்கி விரும்பி உண்கிறார்கள். அதன் பெயர் மோச்சி. இழுத்தால் ரப்பர் போல நீளும்; கையிலும் பல்லிலும் ஒட்டும். அவர்களுடைய புத்தாண்டுப் பலகாரங்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு. அதை வீட்டிலேயே செய்வதற்கு மின்சார இயந்திரமும் இருக்கிறது.

நம் வீட்டுப் பொன்னி அரிசியை அந்த இயந்திரத்தில் போட்டால் மோச்சி கிடைக்குமா? கிடைக்காது. ஏன் என்று பார்ப்போமா?

இரண்டு வகை மூலக்கூறுகள்

அரிசியின் பெரும்பகுதி ஸ்டார்ச் என்னும் மாப்பொருள். இது ஒரே பொருள் அன்று; அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற இரண்டின் கலவை. இரண்டுமே குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலிகள்தாம். ஆனால் அமைப்பு வேறு. அமைலோஸ் கிளை இல்லாத நீண்ட சங்கிலி. தென்னை ஈர்க்கைப் போன்றது. அமைலோபெக்டின் கிளைமேல் கிளையாகப் பிரிந்தது. நம் மாவட்டத்துக் கண்மாய்க் கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முட்களைப் போன்றது.

ஈர்க்குகளை ஒன்றுசேர்த்தால் ஒழுங்காக அடுக்கிக் கட்டிவிடலாம். கருவேல முட்களை அப்படிக் கட்ட முடியாது. ஒன்றை இழுத்தால் பக்கத்திலுள்ள நான்கும் கூடவே வரும். அரிசியிலும் இதுதான் நடக்கிறது. சாதம் ஆறும்போது அமைலோஸ் சங்கிலிகள் விரைவில் அணிவகுத்து இறுகுகின்றன. பருக்கைகள் தனித்தனியாக நிற்கின்றன. அமைலோபெக்டின் கிளைகளோ நீரைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. அந்தச் சிக்கல்தான் ஒட்டும் தன்மையையும் இழுபடும் தன்மையையும் தருகிறது.

நாம் உண்ணும் பெரும்பாலான அரிசிகளின் மாப்பொருளில் அமைலோஸ் 15 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும். மோச்சி அரிசியில் அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அமைலோஸை உண்டாக்கும் மரபணு ஒன்று இந்த வகை நெல்லில் செயலிழந்திருப்பதே காரணம்.

நம் ஊரில் ஒட்டும் அரிசி உண்டா?

அசாமின் போரா அரிசியும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற மணிப்பூரின் சாக்ஹாவ் என்ற கறுப்பு அரிசியும் ஒட்டும் வகையைச் சேர்ந்தவை. அவ்வளவு தூரம் போவானேன்? சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடப்பது செட்டிநாடு. நம் மாவட்டத்துக் கடியாபட்டி, ராயவரம், கோனாப்பட்டு போன்ற ஊர்களில் திருமண விருந்துக்குக் கவுனி அரிசி இனிப்பு பழக்கமானது. பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் வழியாக இங்கு வந்த அரிசி அது என்பார்கள். வெந்த கவுனியை மசித்துச் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்தால் கரண்டியோடு சேர்ந்து எழும்பும்.

ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் ஒட்டும் அரிசி அன்று. கறுப்பு நிறம் தவிட்டுப் படலத்தில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. ஒட்டும் தன்மை உள்ளே இருக்கும் மாப்பொருளால் வருவது. இரண்டையும் தீர்மானிக்கும் மரபணுக்கள் வெவ்வேறு. கறுப்பு அரிசிக்கு இன்று கடைகளில் நல்ல விலை. வாங்கியது எந்த வகை என்பதைப் பையில் அச்சிட்ட பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல், நாமே சோதித்து அறியலாம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: பள்ளி ஆய்வகத்து அயோடின் கரைசல் அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின், ஒரு வெள்ளைத் தட்டு, பொன்னி அரிசி, கவுனி அரிசி.

அயோடினைத் தண்ணீர் விட்டு வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்க்கச் செய்யுங்கள். அரிசிகளைக் குறுக்கே உடைத்து, உள்ளே தெரியும் வெள்ளைப் பரப்பில் ஒரு சொட்டு விடுங்கள். பொன்னி கருநீலமாகும். அமைலோஸ் சங்கிலி சுருள்வில் போல வளைந்து அயோடினைத் தன்னுள் அடக்கிக்கொள்வதால் வரும் நிறம் இது. அமைலோபெக்டினின் கிளைகள் குட்டையானவை. நீண்ட சுருள் அமையாது. ஆகவே அமைலோஸ் இல்லாத அரிசி செம்பழுப்பு நிறமே காட்டும். உங்கள் கவுனி என்ன நிறம் காட்டுகிறது? குறித்துக்கொள்ளுங்கள். சோதித்த அரிசியை உண்ணக் கூடாது, எறிந்துவிட வேண்டும்.

உரலும் இயந்திரமும்

ஜப்பானிலும் உரல் உண்டு. உலக்கை மட்டும் சம்மட்டி வடிவில் இருக்கும். ஒருவர் ஓங்கி அடிப்பார். அடிக்கும் அடிக்கும் இடையே மற்றவர் ஈரக் கையால் அரிசியைப் புரட்டிவிடுவார். இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது தாளம் தவறக் கூடாதல்லவா? அங்கே தவறினால் கை நசுங்கும்.

அரிசியை இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்துவிட்டு, ஆவியில் வேகவைப்பார்கள். தண்ணீரில் கொதிக்கவைத்தால் அரிசி நீரை அதிகம் குடித்துக் கூழாகிவிடும். ஆவியில் வெந்தால் ஊறியபோது ஏறிய நீரைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும், அவ்வளவு போதும். ஏறக்குறைய 60 முதல் 75 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மாப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சி உப்பிக் குலைகின்றன. அதன்பின் இடித்தால் பருக்கைகள் சிதைந்து ஒரே பிண்டமாகின்றன.

1970-களில் இந்த வேலையைச் செய்யும் மின் இயந்திரங்கள் ஜப்பானிய வீடுகளுக்குப் பரவின. அடியில் நீர் கொதிக்கும் பகுதி, மேலே பாத்திரம், பாத்திரத்தின் அடியில் சிறு அலகு. ஆவி ஏறி அரிசி வெந்ததும் மோட்டார் அலகைச் சுழற்றும். கவனியுங்கள்: இங்கே இடிப்பதே இல்லை. அலகு அடிப்பகுதியைத் தள்ள, மேற்பகுதி பின்தங்க, அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பிசையப்படுகின்றன. இயற்பியலில் இதைச் சறுக்குப் பெயர்ச்சி என்போம். சில நிமிடங்களில் பருக்கைகள் மறைந்து, பிண்டம் ஒரே பந்தாகச் சுழலும்.

அந்தப் பந்தில் ஒரு வேடிக்கை உண்டு. மெதுவாக அழுத்தினால் பாகு போல நகரும். சட்டென்று தட்டினால் ரப்பர் போல எதிர்க்கும். பாகுநிலையும் மீட்சிப் பண்பும் ஒருங்கே அமைந்த பொருள் அது.

நம் வீட்டு மாவரைக்கும் கிரைண்டரில் செய்தால் என்ன? வேண்டாம். கிரைண்டர் பச்சரிசியைத் தண்ணீரோடு அரைப்பதற்கு ஏற்றது; அங்கே தண்ணீரே வழுக்குப் பொருளாக உதவுகிறது. வெந்த ஒட்டும் அரிசி குழவியைக் கவ்விப் பிடிக்கும். மோட்டார் சுழல முடியாமல் நின்றால் அதில் பாயும் மின்னோட்டம் பல மடங்கு கூடிக் கம்பிச்சுருள் கருகிவிடும். இட்லிப் பானையில் துணி விரித்து அவித்து, சிறிய உரலில் ஈரமான மரக் குழவியால் சூட்டோடு இடிப்பதே நல்லது. தவிடு நீக்காத கவுனியில் வழவழப்பு வராது. தீட்டிய அரிசி வேண்டும்.

மறுநாள் ஏன் கல்லாகிறது?

மோச்சியை அப்படியே வைத்தால் கெட்டியாகிவிடும். சிக்கிக் கிடந்த கிளைகள் மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்குபடுவதே காரணம். குளிர்பெட்டியின் குளிரில் இது இன்னும் விரைவாக நடக்கும். சூடுபடுத்தினால் மறுபடி இளகும். சர்க்கரை நீரைத் தன்னிடம் பிடித்துவைத்து இந்த இறுக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. அதே சர்க்கரையைத் தொடக்கத்திலேயே போட்டால் அரிசிக்குப் போகவேண்டிய நீரையும் அதுவே பிடித்துக்கொள்ளும், வேகத் தாமதமாகும். கவுனி நன்றாக வெந்து மசிந்த பிறகே சர்க்கரை சேர்க்கும் ஆச்சிகளின் கைப்பக்குவத்தில் இந்த அறிவியல் அடங்கியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை

மோச்சிக்குச் சுவை தரும் அதே தன்மை ஆபத்தும் தரும். ஒட்டுவதாலும் இழுபடுவதாலும் அது தொண்டையை அடைத்துவிடும். ஜப்பானில் புத்தாண்டு நாட்களில் முதியவர்கள் சிலர் இதனால் உயிரிழக்கிறார்கள். சிறு துண்டுகளாக வெட்டி, நன்றாக மென்று உண்ணும்படி தோக்கியோ தீயணைப்புத் துறை மக்களுக்கு அறிவுரை கூறுகிறது. நீங்கள் செய்தாலும் தாத்தா பாட்டிக்கும் சிறு தம்பி தங்கைக்கும் முழு உருண்டையாகக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் இருக்கும் அரிசி வகைகளையெல்லாம் ஒரு தட்டில் வரிசையாக வைத்து அயோடின் சோதனை செய்யுங்கள். இட்லி அரிசி, புட்டரிசி, பாசுமதி ஆகியவை என்ன நிறம் காட்டுகின்றன, சமைத்தபோது எவ்வளவு ஒட்டுகின்றன என்று அட்டவணை போடுங்கள். நிறத்துக்கும் ஒட்டும் தன்மைக்கும் உள்ள உறவு உங்கள் கண்முன்னே விளங்கும்.