கரும்பு வெட்டக் கூலி எவ்வளவு தெரியுமா?

குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காரே குடித்துவிட்டு ஓடியது தெரியுமா? 1979-இல் பிரேசிலில் விற்பனைக்கு வந்த ஃபியட் 147 என்ற குட்டிக் கார், முழுக்க முழுக்க கரும்பு எத்தனாலில் ஓடியது. புகைக்குழாயில் அந்த ஊர்க் கரும்புச் சாராயமான கஷாசாவின் வாடை அடிக்கும். சனங்கள் சும்மா விடுவார்களா? ‘கஷாசின்யா’ என்று காருக்குச் செல்லப்பெயர் சூட்டிவிட்டார்கள். நம் ஊராக இருந்தால் ‘பட்டை வண்டி’ என்றிருப்போம்!

எல்லாம் 1973-இல் கச்சா எண்ணெய் விலை எகிறியதால் வந்த யோசனை. 1975 நவம்பரில் ராணுவ ஆட்சியின் அதிபர் கெய்செல் ‘ப்ரோஆல்கூல்’ திட்டத்தைத் தொடங்கினார். எண்பதுகளின் நடுவில் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எத்தனால் கார்! குளிர்ந்த காலையில் மட்டும் கிளம்ப அடம்பிடிக்கும். அதற்கென்றே உள்ளே கையடக்கமாக ஒரு பெட்ரோல் டப்பா வைத்திருந்தார்கள். 2003-இல் பெட்ரோல், எத்தனால் எதை எப்படிக் கலந்து ஊற்றினாலும் ஓடும் கார் வந்தது. எத்தனாலில் மைலேஜ் குறைவு. அதனால் அதன் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பங்க்கில் நின்றபடியே மனக்கணக்குப் போடுவார்கள்.

விமானம்? அதுவும் உண்டு! வயலுக்கு மருந்தடிக்கும் ‘இபனேமா’ விமானம் 2004-இல் எத்தனாலில் பறக்கச் சான்றிதழ் வாங்கியது.

ஒரு டன் கரும்பில் சுமார் 80 லிட்டர் எத்தனால் கிடைக்கும். பிழிந்த சக்கையை எரித்தே ஆலை ஓடும், மிச்ச மின்சாரத்தை விற்கவும் செய்யும். இன்னொன்று சொன்னால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வீர்கள். எத்தனால் காலத்துக்கு முன்பே பிரேசில் வயல்களில் கோ 419 என்ற ரகம் பரவலாக விளைந்தது. ‘கோ’ என்றால் கோயம்புத்தூர்! நம் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளை அது.

சரி, எத்தனாலுக்கான கரும்பையெல்லாம் வெட்டியது யார் தெரியுமா?

‘பொய்யா ஃப்ரியா’ என்று அவர்களுக்குப் பெயர். ஆறிய சோறு என்று அர்த்தம். விடியுமுன் கட்டிய சோற்றை, அது ஆறிப்போனபின் வயலிலேயே தின்பவர்கள். வெட்டுவதற்கு முன் சோகையைக் கொளுத்திவிடுவார்கள். மறுநாள் கரி படிந்த வயலில் இறங்க வேண்டும். இடது கையால் நாலைந்து கரும்பைச் சேர்த்து அணைத்து, இடுப்பை வளைத்து, மண்ணை ஒட்டி வெட்ட வேண்டும். அடிக்கரும்பில்தானே சர்க்கரை? ஒரு விரற்கடை விட்டாலும் மேற்பார்வையாளர் திட்டுவார். நிமிர்ந்து கொழுந்தாடையைச் சீவி எறிந்து, கட்டாக அடுக்கிவிட்டு மறுபடி குனிய வேண்டும்.

சாவோ கார்லோஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரான்சிஸ்கோ ஆல்வெஸ் 2006-இல் இதைக் கணக்கே போட்டுவிட்டார். நாளுக்கு 12 டன் வெட்டுகிறவர் 8.8 கிலோமீட்டர் நடக்கிறார், 1,33,332 முறை கத்தியை வீசுகிறார், 8 லிட்டர் தண்ணீரை வேர்வையாக இழக்கிறார்! கை கால் எல்லாம் இழுத்துக்கொள்ளும் பிடிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிரோலா’. சாவோ பாவ்லோ மாநிலத்தில் 2004-இலிருந்து சில ஆண்டுகளுக்குள் இருபது பேர் அளவுக்கு இறந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் புலம்பெயர்ந்தோர் பணிக்குழு எழுதி வைத்த கணக்கு இது.

கரும்பு தின்னக் கூலியா என்போம். வெட்டக் கூலி உண்டு. இரண்டாயிரங்களின் நடுவில் டன்னுக்குச் சுமார் இரண்டரை ரியால், அதாவது ஒரு டாலரும் கொசுறும். அதிலும் ஒரு விசித்திரம் கேளுங்கள். வெட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிவது மீட்டர்தான். மேற்பார்வையாளர் இரண்டு மீட்டர் மரக் கவராயத்தைச் சுழற்றிச் சுழற்றி வயலை அளப்பார். எடை போடுவதோ தொலைவில், ஆலையில். அங்கே டன்னை மீட்டராக்கி விலை சொல்வார்கள். எடை மேடையில் முள் எங்கே நின்றது என்று வெட்டியவருக்கு எப்படித் தெரியும்? நம் ஆலை வாசலில் வண்டியோடு காத்துக்கிடந்த விவசாயிக்கு இந்தச் சந்தேகம் புரியும்.

கூலி மீதான கோபம் 1984 மே மாதமே குவாரிபா என்ற சிற்றூரில் வெடித்திருந்தது. ஒருவர் ஐந்து வரிசை வெட்டிய இடத்தில் ஏழு வரிசை வெட்டு என்றது நிர்வாகம். தூரம் குறையும், சுமந்து அடுக்கும் வேலை கூடும், கூலி விழும். வேலைநிறுத்தம் கலவரமானது, போலீஸ் சுட்டதில் உயிர் போனது. பழைய ஐந்து வரிசையே திரும்பி வந்தது. வெறும் இரண்டு வரிசைக்கு!

வெட்ட வந்தவர்களில் பலர் மரன்யாவோ, பியாவி, ஜெகிச்சின்யோன்யா பள்ளத்தாக்கு என்று வெகு தொலைவிலிருந்து பஸ் ஏறியவர்கள். வருடத்தில் பாதிக்கு மேல் ஆண்களே இல்லாத அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களை ‘உயிரோடிருக்கும் கணவனின் விதவைகள்’ என்பார்கள்.

இப்போது சாவோ பாவ்லோவில் கொளுத்துவது ஏறக்குறைய நின்றுவிட்டது. எண்பது, நூறு ஆள் வேலையை ஒரே இயந்திரம் முடிக்கிறது. பஸ் ஏறி வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் சரிவு அதிகமானால் இயந்திரம் கவிழும். பெர்னாம்புகோ, அலகோவாஸ் மேடுகளில் இன்னும் கத்திதான், கரி படிந்த வயல்தான், ஆறிய சோறுதான்.