தங்கம் தீர்ந்தது, பள்ளி நின்றது

ஓர் ஊரின் நிலையான செல்வம் எது? நிலமா, நீரா, மண்ணுக்கடியில் கிடைக்கும் கனிப்பொருளா? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள கொலம்பியா என்னும் சிற்றூரின் பள்ளி வரலாறு இக்கேள்விக்குத் தக்க விடை தருகிறது.

1850-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சியரா நெவாடா மலையடிவாரத்தில் இவ்விடத்தில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் வந்து கூடாரமடித்தனர். தங்கத்துகள் மேல்மண்ணிலேயே கலந்து கிடந்தது. மண்ணை நீரில் அலசித்தான் அதைப் பிரித்தெடுக்க இயலும். அருகில் போதிய நீரில்லாமையால், 1851-இல் ஒரு கம்பெனி அமைத்துத் தொலைவிலிருந்து நீரைக் கொணர்ந்தனர். 1854-இல் பெருந்தீ மரக்கட்டடங்களை அழித்தது. அதன் பின்னர் செங்கற் கட்டடங்கள் பெருகின. 1857-இல் மீண்டும் தீப்பற்றியது. ஆயினும் ஊரார் மனந்தளரவில்லை. 1860-இல் குன்றின்மீது இரண்டு மாடிகள் கொண்ட செங்கற் பள்ளி ஒன்றை எழுப்பினர்.

அதே பத்தாண்டில் தங்கம் அருகியது. மக்கள் வேற்றூர்களை நாடிச் சென்றனர். ஆளில்லாத கட்டடங்கள் பலவற்றை இடித்து, அவற்றின் அடிமண்ணையும் அலசிப் பார்த்தனர்! கடைகளும் வீடுகளும் மறைந்தன. பள்ளியோ மறையவில்லை. எஞ்சியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கேயே எழுத்தறிவு பெற்றனர். இவ்வாறு 77 ஆண்டுகள் அப்பள்ளி நடைபெற்றது.

1933 மார்ச் 10-ஆம் நாள் மாலை, கலிபோர்னியாவின் தென்பகுதியில் லாங் பீச் நகரருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்தன. பிள்ளைகள் வீடு திரும்பியிருந்தமையால் பேரிழப்பு தவிர்ந்தது. ஒரே மாதத்திற்குள் பள்ளிக் கட்டடங்களின் உறுதிக்கென மாநில அரசு சட்டம் இயற்றியது. நிலநடுக்கத்தைத் தாங்கும் தகுதி இல்லையெனக் கண்டு, கொலம்பியாப் பள்ளி 1937-இல் மூடப்பட்டது. பழம்பெருமையைவிடப் பிள்ளைகளின் உயிரே பெரிதென்று எடுத்த அம்முடிவை நாம் போற்றுகிறோம்.

1945-இல் ஊரின் பழைய பகுதி மாநில வரலாற்றுப் பூங்காவாயிற்று. மாநிலத்தின் பள்ளிச் சிறுவர் சிறுமியர் சிறுகாசுகளாகத் திரட்டித் தந்த நிதியின் துணையால், 1960-இல் பள்ளிக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது.

ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இதிலிருந்து கொள்ள வேண்டியவை இரண்டு. மீன் குத்தகையாயினும், மர ஏலமாயினும், வருவாய் வரும் காலத்திலேயே நிலைத்த நன்மை தரும் பணியைச் செய்துவிட வேண்டும். வருவாய் நின்றபின் எண்ணிப் பயனில்லை. கட்டி முடித்ததோடு நம் கடமை தீர்ந்ததென்றும் கருதலாகாது. சுவரில் விரிசல் உண்டா, கூரை ஒழுகுகிறதா என ஆண்டுதோறும் மழைக்கு முன்னர்ப் பார்த்துச் செப்பனிட வேண்டும். உறுதியில்லாத கட்டடத்தில் ஒருநாளும் பிள்ளைகளை அமர்த்தலாகாது.

தோண்டிய தங்கம் பல கைகள் மாறி எங்கோ சென்றது. பள்ளியில் பெற்ற கல்வியோ பெற்றவரிடமே நின்றது.