பெண்டாக்ஸ் காமிரா கிட்டாதது ஏன்?

கைபேசியிலேயே படம் பிடிப்போர் பெருகிவிட்ட இக்காலத்தும், தனிக் காமிராவை விரும்பும் மாணவர் நம்மிடையே உளர். அவருள் ஒருவர் பல மாதம் பொருள் சேர்த்து, முன்னாளில் துய்ப்ளே வீதி எனப்பட்ட நம் நேரு வீதிக்குச் சென்று பெண்டாக்ஸ் கேட்பாராயின், கானன், நிக்கான், சோனி என்னும் பெயர்களையே கேட்டுத் திரும்புவார். கையில் எடுத்துப் பாராமலே வெளியூரிலிருந்து வரவழைப்பதன்றி அவருக்கு வேறு வழியில்லை.

பெண்டாக்ஸ் இழிந்த சரக்கன்று. 1952-இல் ஜப்பானின் முதல் 35 மி.மீ. ஒற்றைவில்லைப் பிரதிபலிப்புக் காமிராவைச் செய்தது அதன் தாய் நிறுவனமாகிய அசாஹியே. தொழில் கைமாறி 2011-இல் ரிக்கோவைச் சேர்ந்தது.

தடை வில்லையிலே உள்ளது. வில்லை பூட்டும் வாயிலிருந்து படம் விழும் தளம்வரை பெண்டாக்ஸில் 45.46 மி.மீ.; நிக்கானின் எஃப் வகையில் 46.5, கானனின் ஈ.எஃப். வகையில் 44. பூட்டும் முறையும் வேறு. ஒன்றன் வில்லை மற்றொன்றில் நேரே பொருந்தாது. ஆகவே, ஒரு பெண்டாக்ஸ் வைக்கும் வணிகர் அதற்கென்றே வில்லைகளையும் மின்கலங்களையும் வாங்கி அடுக்கவேண்டும். வாங்குவோர் ஓரிருவரே எனின் முதல் முடங்கும். கடையில் காணாமையால் கேட்பாரில்லை. கேட்பாரின்மையால் கடையில் இல்லை. இதில் வணிகரை நோவானேன்?

எனினும், 1975-இல் வந்த கே வகைப் பூட்டைப் பெண்டாக்ஸ் இன்னும் கைவிடவில்லை. அக்காலத்து வில்லையும் இக்காலத்துக் கருவியில் பொருந்தும். சில வேலைகளைக் கையால் செய்துகொள்ளவேண்டும், அவ்வளவே. பழைய வில்லை வாங்குவோர் அதனை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே பூஞ்சை படர்ந்துள்ளதா என்று பார்த்துக்கொள்க. நம் கடலோர ஈரத்தில் அது எளிதிற் பற்றும்.