கொதித்தாலும் போகாத நஞ்சு

கொதித்தாறிய நீரையே குடியுங்கள் என்று முகாமிலும் கிளினிக்கிலும் நாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். வயிற்றோட்டத்துக்கு அது நல்ல காவல்தான். ஆனால் குளத்தின் மேல் பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் ஒரு படை மிதந்தால், கொதிக்க வைப்பது உதவாமல் போகலாம். அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்தபோதுதான் இதை நான் அறிந்தேன்.

அங்கே ஒகையோ மாநிலத்தில் டொலிடோ என்றொரு நகரம். ஈரி ஏரியிலிருந்துதான் அதற்குக் குழாய் நீர். 2014 ஆகஸ்ட் 2ஆம் திகதி, அந்த நீரைக் குடிக்கவும் வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்று அறிவித்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போத்தல் நீருக்கு அலைந்தார்கள். தடை நீங்க மூன்றாம் நாளாயிற்று. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே இந்தக் கதி!

காரணம், மைக்ரோசிஸ்டிஸ் எனும் நீலப்பச்சைப் பாசி. பாசி என்கிறோமே தவிர, இது சயனோபற்றீரியா என்ற ஒருவகைப் பற்றீரியா. வயல்களிலிருந்து மழை கழுவிவரும் பசளையிலுள்ள பொஸ்பரசும் நைதரசனும் ஏரியில் சேர்ந்தால் இதற்கு விருந்து. கழிவுநீரும் மாட்டெருவும் அப்படியே. வெயில் ஏறி, காற்று அடங்கி, நீர் அசையாது கிடந்தால் கேட்கவே வேண்டாம். இதன் உடலுக்குள் காற்று நிறைந்த நுண்ணிய அறைகள் உண்டு. அவற்றால் மேலே மிதந்துவந்து வெளிச்சத்தையெல்லாம் தானே பிடித்துக்கொள்ளும்; கீழேயுள்ள மற்றப் பாசிகள் இருட்டில் வாடும். நிவாரண வரிசையில் முண்டியடித்து முன்னுக்கு நிற்பவரைப் போலத்தான்!

இதிலிருந்து வரும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். கொதிநீரின் சூட்டுக்கு அது அழியாது. நீர் ஆவியாக ஆக, நஞ்சு செறிவதுதான் மிச்சம். தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும். கரைந்த நஞ்சை எடுக்காது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், இந்த நஞ்சு கலந்த நீரால் இரத்தச் சுத்திகரிப்புச் செய்யப்பட்ட சிறுநீரக நோயாளர் 50 பேர்வரை இறந்தார்கள். நம் நாட்டிலும் 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மைக்ரோசிஸ்டிஸ் பெருகியிருக்கிறது.

பச்சையெல்லாம் நஞ்சல்ல. தடியால் கிளறும்போது நூல்நூலாகத் தூக்க வந்தால் அது வேறு பாசி. பெயின்ற்போல் தடியில் பூசிக்கொண்டால் சந்தேகப்படுங்கள். கையில் சொப்பிங் பையொன்றை மாட்டிக்கொண்டு, கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நீரெடுத்து, ஓரிரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் வேறு பாசி. மேலே வளையமாகத் திரண்டு நின்றால் இதுவாக இருக்கலாம். பிள்ளைகளை அங்கே குளிக்க விடாதீர்கள். மாட்டையும் குடிக்க விடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் வேறிடத்து நீரே எடுங்கள்.